உச்சிப் பொழுதில் எழும் எழுத்துகள்: உதகைக் கல்லறைத் தோட்டத்தைப் பழைய ஃபிலிம் கேமராவில் எடுக்கும் முறை

உதகமண்டலம் செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக்குப் பின்னால் மேடேறிச் செல்லும் கல்லறைத் தோட்டத்தில் நான் எடுத்த முதல் ரோலில் பன்னிரண்டு படங்களும் பழுதின்றி விழுந்திருந்தன. ஆனால் ஒரு பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை. டிசம்பர் மாதத்துக் காலை எட்டு மணி, தெளிந்த வானம், ஸ்டாண்டின் மேல் அசையாத கேமரா, சரியான ஃபோகஸ் என்று எல்லாம் கூடியிருந்தும், கற்கள் வெள்ளைப் பலகைகளாக நின்றனவே தவிர, விரலால் தடவினால் தெரிந்த எழுத்து நெகட்டிவில் தெரியவில்லை. அடுத்த முறை போனபோது, அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் நான் படும் பாட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "காலையில வந்தா ஒண்ணும் தெரியாது தம்பி, பன்னிரண்டு மணிக்கு வாங்க, எழுத்து தானா எழும்பும்" என்றார். அன்று அவர் சொன்னபடியே எழுந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் முறையெல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து வளர்ந்தது என்றே கொள்ளலாம்.

கல்லறைத் தோட்டம் என்றால் மூடுபனியும் சாய்ந்த சிலுவையும் கொண்ட காட்சிகளைத்தான் பலரும் தேடிப் போகிறார்கள். அவையும் அழகுதான். ஆனால் கல்லை நட்டவர்கள் அதில் ஒரு பெயரையும் இரண்டு ஆண்டுகளையும் வெட்டி வைத்தது பிறர் வாசிப்பதற்காகத்தான். வெண்பளிங்கு மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும் கல்; நீலகிரியிலோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டும் பெய்கின்றன. இன்று மங்கலாகத் தெரியும் எழுத்து நம் பிள்ளைகள் காலத்தில் தெரியாமலே போகலாம். ஆகவே எழுத்தைக் காப்பாற்றும் படமே முதல் படம், காட்சிப்படம் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். கல்லில் வெட்டிய எழுத்து மையால் எழுதியதன்று. அது ஒரு சிறு பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும். சூரியன் கல்லின் முகத்துக்கு நேரெதிரே நின்றால் நிழலே இல்லை. சூரியக் கதிர் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து முதல் பதினைந்து பாகைச் சாய்வில் போனால், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழவேண்டும் என்ற நம்பிக்கையில் உடலைக் கிழக்கு மேற்காக அடக்கம் செய்வது கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் என்பதால், நட்ட கற்கள் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். மலைச்சரிவில் இந்த ஒழுங்கு பிறழ்வதும் உண்டு. ஆகவே ஒரு திசைகாட்டி கையில் இருக்கட்டும்.

கிழக்கு நோக்கிய கல்லுக்குச் சூரியன் சரியாகப் பக்கவாட்டில் வரும் கணம் உச்சிப் பொழுது. உதகையின் உச்சிப் பொழுது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. உதகை அதற்கு மேற்கே, ஏறத்தாழ 76.7 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.23 மணிக்கு. ஆண்டு முழுவதும் இது சற்று முன்பின்னாக நகரும்: நவம்பர் தொடக்கத்தில் 12.07 அளவில், பிப்ரவரி நடுவில் 12.37 அளவில். கிழக்கு நோக்கிய கற்களை இந்த நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள்ளும், மேற்கு நோக்கியவற்றைப் பிந்தைய ஒரு மணி நேரத்துக்குள்ளும் எடுத்துவிட வேண்டும். ஆழமாக வெட்டிய எழுத்தானால் ஒரு மணி நேர இடைவெளி நல்லது, ஏனென்றால் சாய்வு மிகக் குறைந்தால் ஓர் எழுத்தின் நிழல் பக்கத்து எழுத்தை விழுங்கிவிடும். தேய்ந்த எழுத்தானால் உச்சிக்கு அரை மணி நேரத்துக்குள் நெருங்கிப் போகவேண்டும். நிலப்பரப்புப் படம் எடுப்பவர்கள் உச்சிவெயிலை ஆகாது என்று ஒதுக்குவார்கள். கல்லெழுத்துக்கு அதுவே பொன்னான வேளை.

தெற்கு நோக்கிய கல்லுக்கு வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் பக்கவாட்டில் வெயில் வரும் வேளையை அந்தந்தக் கல்லின் அருகே நின்றுதான் கண்டுகொள்ள வேண்டும். தொல்லை தருவது வடக்கு நோக்கிய கல். குளிர்காலம் முழுவதும் அதன் முகம் நிழலிலேயே கிடக்கும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நண்பர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போய், ஓரடி உயரமுள்ள சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வெயில் விழும் இடத்தில் பிடிக்கச் சொல்லி, அந்த ஒளியைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து உரசும்படி திருப்பிவிடுவது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று பிடித்தாலே போதும்; நிழலில் கிடந்த கல்லில் ஒரு வரி சட்டென்று ஒளிர்ந்து எழுவதை நேரில் பார்த்தவர்கள் பிறகு கண்ணாடி இல்லாமல் போகமாட்டார்கள். கண்ணாடி சிறியதாக இருந்து ஒளி கல் முழுவதையும் நிறைக்காவிட்டால், ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்துக்கொண்டு ஒளியை மேலிருந்து கீழாக மெதுவாக நடத்தலாம். இரண்டாவது வழி காத்திருப்பது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உதகையில் நண்பகல் சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறது. அப்போது வடக்கு நோக்கிய கல்லின் நெற்றியிலிருந்து வெயில் வழிந்து இறங்கும். ஜூன் பிறந்தால் மழை மூடிவிடும் என்பதால் மே மாதத்தை விட்டுவிடக் கூடாது.

இனி கேமரா. பழைய கேமரா எதுவும் இதற்கு ஆகும் என்று சொல்ல எனக்கு விருப்பம்தான், ஆனால் அது உண்மையன்று. நம் வீடுகளில் பரணில் கிடக்கும் ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் ஃபோகஸ் மாற்ற இயலாது. அது தோட்டத்தின் பொதுத் தோற்றத்துக்கு ஏற்றதே தவிர எழுத்துக்கு உதவாது. ருஷ்யாவின் செனித், ஜப்பானின் பெண்டாக்ஸ் கே 1000 போன்ற 35 மி.மீ. கேமராக்கள் தாராளமாகப் போதும். என் கை எப்போதும் தேடுவது யாஷிகா-மேட் 124 ஜி என்னும் இரட்டை லென்ஸ் கேமராவை. 120 ஃபிலிமில் ஆறு சென்டிமீட்டர்ச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் விழும். நெகட்டிவ் பெரிதாக இருப்பதால் ஓர் அங்குல எழுத்தும் தேயாமல் பதியும். குனிந்து பார்க்கும் கண்ணாடித் திரை இடுப்புயரத்தில் இருப்பதால், இடுப்புயரமே உள்ள கல்லின் நடுவுக்கு நேராக லென்ஸ் தானாக அமைந்துவிடுகிறது. நின்ற உயரத்திலிருந்து கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தால் கல் அடியில் குறுகித் தோன்றும். கேமராவின் முதுகும் கல்லின் முகமும் இணையாக இருக்கும்படி வைத்தால் அந்தக் கோணல் வராது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தின் சிறிய வடிவம் ஒன்றைக் கேமராவின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கல்லே சாய்ந்திருந்தால் கேமராவையும் அதே அளவு சாய்க்க வேண்டும்.

இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியே, படம் விழுவது கீழ் லென்ஸ் வழியே. தூரத்தில் இது பொருட்டில்லை; ஒரு மீட்டர் தொலைவில் கல்லின் மேல்வரி வெட்டுப்பட்டுப் போகும். திரையில் படத்தை அமைத்துக்கொண்ட பிறகு, இரு லென்ஸ்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்து, அந்த அளவுக்கு ஸ்டாண்டின் நடுத்தண்டை உயர்த்திவிட்டு ஷட்டரை அழுத்த வேண்டும். நான் நடுத்தண்டில் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய கேமராவை மலைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் சோதிக்க வேண்டியவை சில உண்டு. மடக்குக் கேமராவானால் இருட்டறையில் அதன் துருத்திக்குள் டார்ச் அடித்து, மூலைகளில் ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் இதழ்களாக விரியும் இலை ஷட்டர் உள்ள கேமராவில் ஒரு விநாடி, அரை விநாடி வேகங்களில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பழைய மசகு இறுகியிருந்தால் குளிரில் ஷட்டர் இன்னும் தடுமாறும், உதகையின் ஜனவரிக் காலையோ உறைபனியைத் தொடும். யாஷிகாவின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இன்று சந்தையில் இல்லை. அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மானி வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டு போகும். தனி ஒளிமானியோ, கைப்பேசியில் உள்ள ஒளிமானிச் செயலியோ பாதுகாப்பு. துணி ஷட்டர் கொண்ட பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைச் சூரியனை நோக்கியபடி மூடியில்லாமல் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கக் கூடாது. லென்ஸ் பூதக்கண்ணாடியாக மாறித் துணியைப் பொசுக்கிவிடும்.

ஃபிலிம் பற்றிப் பேசும்போது உதகையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இந்த ஊரில்தான் இருந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமை நாடு முழுவதற்கும் அனுப்பியது. ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயர் தெரியும். இன்று ஆலை மூடிக்கிடக்கிறது, இந்து நகர் என்ற பெயர் மட்டும் ஊருக்குள் நிற்கிறது. காலாவதியான இந்து ரோல் எங்கேனும் கிடைத்தால், பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரு மடங்காக்குவது ஒரு ஸ்டாப்) கூடுதல் வெளிச்சம் என்ற பொதுக்கணக்கில் தோட்டத்தின் பொதுத் தோற்றத்தை அதில் எடுத்துப் பார்க்கலாம். எழுத்தை மட்டும் அதில் நம்பி எடுக்காதீர்கள். எழுத்துக்கு இல்ஃபோர்ட் எஃப்.பி. 4 பிளஸ் போன்ற ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் வேகத்தின் எண்) 125 ஃபிலிமும், மேகம் மூடிய நாளுக்கு எச்.பி. 5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ் போன்ற ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமும் ஏற்றவை.

வெளிச்சக் கணக்கில் பலரும் தவறுவது இங்கேதான். நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் பெரிதானால் திறப்பு சிறிது) 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண் என்ற பழைய விதி, முகத்துக்கு நேரே வெயில் படும் பொருளுக்கு உரியது. கதிர் கல்லை உரசிக்கொண்டு போகும்போது அதே வெயில் பரந்து மெலிந்து விழுகிறது. பத்துப் பாகைச் சாய்வில் நேர் வெயிலின் ஆறில் ஒரு பங்குதான் கல்லில் இறங்குகிறது. ஆகவே ஐ.எஸ்.ஓ. 125 ஃபிலிமில், 1/125 விநாடியில், சாம்பல் நிறக் கருங்கல்லுக்கு அப்பெர்ச்சர் 8, வெண்பளிங்குக்கு 11 என்று தொடங்குவது என் வழக்கம். ஒளிமானியைக் கொண்டு அளப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மானிக்கு எல்லாமே சாம்பல் நிறம். வெண்பளிங்கை அளந்தால் அது காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். பாசி படிந்து கறுத்த கல்லை அளந்தால் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். உள்ளங்கையைக் கல்லின் முகத்துக்கு இணையாக அதே வெளிச்சத்தில் பிடித்து அளந்து, கையின் நிறத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது இன்னும் எளிது.

நீலகிரிக் கற்களில் ஆரஞ்சு, வெளிர்பச்சை, சாம்பல் என்று பல நிறங்களில் கற்பாசி படர்ந்திருக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த நிறங்களை ஃபில்டரால் வேண்டியபடி மாற்ற முடியும். வெண்பளிங்கின் எழுத்துகளுக்கு மேல் ஆரஞ்சுப் பாசி திட்டுத் திட்டாக இருந்தால், சிவப்பு ஃபில்டர் அந்தத் திட்டுகளைக் கல்லோடு கல்லாக வெளுக்கச் செய்து எழுத்தின் நிழலை மட்டும் மிச்சம் வைக்கும். அதற்கு மூன்று ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் தேவை. பச்சைப் பாசிக்குப் பச்சை ஃபில்டர், இரண்டு ஸ்டாப். பாசியைச் சுரண்டுவதற்கு ஒருநாளும் துணியக் கூடாது. கம்பித் தூரிகை, சாக்கட்டி, மாவு, சோப்பு நுரை ஆகியவற்றைப் பூசி எழுத்தை எடுப்பிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் கல்லைத் தின்கின்றன. உதிர்ந்த சருகை மென்மையான துணியால் தட்டிவிடலாம், அவ்வளவே.

பளிங்குக் கல் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கற்கள் பலவற்றில் எழுத்தை வெட்டி, அந்தப் பள்ளத்தில் ஈயம் அடித்து நிரப்பியிருப்பார்கள். ஈயம் கல்லைப் பற்றிக்கொள்ள ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் சிறு துளைகள் குடைந்திருப்பார்கள். காலப்போக்கில் ஈயம் கழன்று விழுந்து, எழுத்தின் ஓரங்கள் மழையில் மழுங்கிப் போனாலும், அந்தத் துளைகள் மூன்றும் நான்குமாகப் புள்ளிக்கோலம் போல நிற்கும். உரசும் வெயிலில் துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளை மனத்தில் இணைத்தால் எழுத்து கிடைக்கும். அப்படி ஒரு குழந்தையின் பெயரைக் கடைசி எழுத்து வரை நான் நெகட்டிவிலிருந்து மீட்டிருக்கிறேன். எழுத்தே இல்லை என்று தோன்றும் கல்லையும் அதனால்தான் ஒரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கற்கள் நம் மலை ஊர்களில் கிடைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த குறியோடும், ணா, றா, னா ஆகியவை கீழே சுழிந்த வடிவத்தோடும் எழுதப்பட்டன. அந்த வளைவுதான் முதலில் தேயும் மெல்லிய கோடு. ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் இருந்தால், கதிரின் திசையிலேயே ஓடும் கோடுகள் நிழலின்றி மறையும். ஆகவே தமிழ்க் கல்லை ஒரு முறை பக்கவாட்டு வெயிலிலும், ஒரு முறை கண்ணாடியால் மேலிருந்து இறக்கிய ஒளியிலும் என இரண்டு படங்களாக எடுப்பது நல்லது.

பன்னிரண்டு படங்களே உள்ள ரோலை எப்படிச் செலவிடுவது? ஒரு கல்லறைக்கு மூன்று படங்கள்: அது எங்கே நிற்கிறது என்று காட்டும் தோற்றம் ஒன்று, கல் முழுவதும் ஒன்று, எழுத்து மட்டும் ஒன்று. அப்படியானால் ஒரு ரோலுக்கு நான்கு கல்லறைகள். இந்தச் சிக்கனம் ஒரு நன்மையைத் தருகிறது. எந்த நான்கு என்று தேர்ந்தெடுக்க முதல் நாள் முழுவதும் கேமரா இல்லாமல் நடந்து, எந்தக் கல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு அதன் மேல் விழுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள நேர்கிறது. செயின்ட் ஸ்டீபனில் பலரும் முதலில் தேடுவது, உதகையை உருவாக்கிய கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியட்டும் அடங்கிய இடத்தை. 1830இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து ஆலயத்தின் மர உத்தரங்கள் கொண்டுவரப்பட்டன. ஏரிக்கரைப் பக்கத்து செயின்ட் தாமஸ் ஆலயத் தோட்டத்தில் 1881இல் உதகையில் இறந்த சென்னை கவர்னர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் உயர்ந்த நினைவுச் சின்னம் நிற்கிறது. இவற்றை எடுத்த பிறகு, யாரும் நிற்காத கற்களுக்கு மீதி ரோல்களை வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி வந்தால் எழுத்து வேலையை நிறுத்திவிட்டுக் காட்சிப்படத்துக்குத் திரும்பலாம். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் எந்த ஃபில்டரும் அதை ஊடுருவாது. தொலைமலையின் நீலப் புகைமூட்டத்துக்கு மட்டுமே மஞ்சளும் சிவப்பும் உதவும். பனியை அளக்கும் மானி ஏமாறும், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மரத்தடியில் வெளிச்சம் குறைந்து ஷட்டர் விநாடிக் கணக்கில் திறந்திருக்க நேர்ந்தால், ஃபிலிம் சோர்ந்துபோவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: எச்.பி. 5 பிளஸ் ஃபிலிமுக்கு மானி பத்து விநாடி சொன்னால் இருபது விநாடி கொடுக்க வேண்டும்.

உள்ளே போகும் முன் ஆலய அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அடக்க ஆராதனை நடக்கும் நாளில் கேமராவை எடுக்க வேண்டாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குடும்பங்கள் வந்து கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அன்று அவர்களுடைய நாள், நம்முடையதன்று. ஸ்டாண்டின் கால் கல்லறை மேடையில் படக் கூடாது, பையைக் கல்லில் சாய்க்கக் கூடாது. மழைக்காலத்தில் அட்டையும், எல்லாக் காலத்திலும் வேலியோரத்துச் செந்தட்டியும் இருக்கும். முழுக்கால் சட்டை அணியுங்கள். மலை ஊர்களில் காட்டெருமை தோட்டத்துக்குள் மேய வருவதும் உண்டு. அது நின்றால் நீங்கள் பின்வாங்கிவிடுங்கள், படத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் ஒரு தவறு செய்தேன், அது இன்றும் உறுத்துகிறது. குளிர்ந்த கேமராவோடு மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கேயே பையைத் திறந்தேன். சமவெளியின் வெக்கைக் காற்று பட்டதும் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்த்தது. துடைக்க முடியாத உட்பக்கத்து ஈரத்தில் மூன்று மாதத்துக்குள் பூஞ்சை கிளைவிட்டது. இப்போது மலையிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் சிலிகா ஜெல்லோடு மூடி, வீடு சேர்ந்து இரண்டு மணி நேரம் கழித்தே திறக்கிறேன்.

ஃபிலிமை நீங்களே கழுவினால் வெளிச்சத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றலாம். எச்.பி. 5 பிளஸ் ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது அடிப்படை. மூடுபனி ரோலுக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட்டினால் சோர்ந்த படம் நிமிரும். கடும் வெயிலில் மரநிழலும் வெண்பளிங்கும் ஒன்றாக விழுந்த ரோலுக்கு, எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுத்து, கழுவும்போது அதே அளவு நேரம் குறைக்க வேண்டும். சமவெளியில் தண்ணீரை ஐஸ் வைத்துக் குளிர்விக்க வேண்டியிருக்கும். உதகையில் கழுவுகிறவர்கள் டிசம்பர்க் குழாய்த் தண்ணீரைச் சுடவைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நெகட்டிவ் காய்ந்ததும் உறையின் மேல் பென்சிலால் தோட்டத்தின் பெயர், வரிசை, கல் பார்க்கும் திசை, தேதி, மணி ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் வாசிக்க முடிந்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பிரிண்ட் போட்டு, பின்புறத்தில் அந்த வரிகளை அப்படியே எழுதி ஆலய அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்; தாத்தாவின் தாத்தாவைத் தேடி யாரேனும் அங்கேதான் முதலில் வந்து கேட்பார்கள். வாசிக்க முடியாமல் நின்ற கற்களைத் தனித் தாளில் குறித்து வையுங்கள். என் தாளில் இப்போது வடக்கு நோக்கிய இரண்டு கற்கள் இருக்கின்றன. மே மாதம் இரண்டாம் வாரத்தில், பகல் 12.20க்கு முன்பே, ஸ்டாண்டை விரித்து அவற்றின் எதிரில் நிற்கப் போகிறேன்.